சின்னப் பிள்ளை போன வீட்டுக்கும் போங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

பெரியவங்க தவறிட்டா நமக்கு எல்லாம் தெரியும். கூடாரம் போடுவோம், நாற்காலி இறக்குவோம், எட்டாம் துக்கம், கருமாதி வரைக்கும் ஆள் மாத்தி ஆள் போவோம். வயித்துலயே இறந்த பிள்ளைக்கும், பிறந்து ரெண்டு நாள்ல போன பிள்ளைக்கும் இது எதுவும் கிடையாது. எரிக்கிறதில்ல, புதைக்கிறதுதான் வழக்கம். அப்பாவும் ஒரு மாமாவும் போய் காரியத்தை முடிச்சிட்டு வந்துடுவாங்க. சடங்கு இல்லாததால எந்த நாள் துக்கம் கேக்குறதுன்னு யாருக்கும் தெரியல. கடைசியில யாருமே போறதில்ல.

அப்புறம் அந்தப் பொண்ணு கோயிலுக்கு வந்தா நாம பேசுற பேச்சு இருக்கே! "நல்லவேளை, முகம் பழகுறதுக்கு முன்னாடியே போச்சு." "சின்ன வயசுதானே, அடுத்த வருஷம் பெத்துக்கலாம்." "போன ஜென்மத்துக் கர்மா." ஆறுதல்னு நினைச்சுத்தான் சொல்றாங்க. அவ காதுல விழுறது, உன் பிள்ளை கணக்குல இல்லங்கிறதுதான். அடுத்தவங்க கர்மாவை எடுத்துச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தா? வளைகாப்புக்குக் கூப்பிடாம ஒதுக்குறது இதைவிட மோசம்.

நம்ம கோயிலுக்குப் பூக்கட்ட வர்ற ஒரு தாதி சொன்னாங்க: பிள்ளையைத் துணியில சுத்தி, பார்க்கிறீங்களாம்மான்னு தாய்கிட்டதான் கேப்பாங்களாம். பதில் சொல்றது கூட வந்த பெரியவங்க. "வேணாம், காட்டாதீங்க, மனசு தாங்காது." பத்து மாசக் கனவு அவளோடது, முடிவு மட்டும் நம்மளோடதா? பார்க்கணும்னாலும் வேணாம்னாலும் அவளே சொல்லட்டும். தாதி கேட்டா நாம வாயை மூடிக்கிட்டு நிக்கணும்.

தொழிற்சாலையில சூப்பர்வைசரா இருக்கிறதால இன்னொன்னும் சொல்றேன். 22 வாரத்துக்கு அப்புறம் பிள்ளை இறந்தே பிறந்தாலும் நம்ம வேலைச் சட்டப்படி அது பிரசவம்தான். 2023 ஜனவரியிலிருந்து பேறுகால விடுப்பு 98 நாள். கணவர் ஒரே முதலாளிகிட்ட 12 மாசம் வேலை செஞ்சிருந்தா அவருக்கும் 7 நாள் உண்டு. "பிள்ளைதான் இல்லையே, எதுக்கு லீவு?"ன்னு கேக்குற மேனேஜருங்க இருக்காங்க. கேட்டு வாங்குங்க. அந்த அப்பாவையும் கொஞ்சம் பாருங்க. எல்லாரும் "மனைவி எப்படி இருக்காங்க"ன்னு கேப்போம், அவர் எப்படி இருக்கார்னு கேக்க ஆளில்ல.

தீட்டுன்னு சொல்றவங்க சொல்லட்டும். அவங்க கோயிலுக்கு வராத நாள்ல நாம அவங்க வீட்டுக்குப் போகலாமே! போய்ட்டு வந்து குளிச்சா முடிஞ்சது. சாப்பாடு கொண்டு போங்க, பக்கத்துல உக்காருங்க. பிள்ளைக்குப் பேர் வச்சிருந்தா அந்தப் பேரைச் சொல்லியே பேசுங்க.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் நம்ம சமையற்கட்டிலிருந்து சாப்பாடு அனுப்ப நாலு பேர் தயாரா இருக்கோம். எந்த வீட்டுக்குன்னு எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க. பேர் வெளியே போகாது.