ஏன் ஓட்டவில்லை என்று கேளுங்கள்



போன மாதம் என் பட்டறை வாசலில் லோடு ஆட்டோவிலிருந்து ஒரு புல்லட்டை இறக்கினார்கள். 1986 மாடல். டேங்கில் ஒரு கீறல் இல்லை, குரோமில் முகம் பார்க்கலாம். பழைய பில்லை எடுத்து கிலோமீட்டரை ஒத்துப் பார்த்தேன். 14 மாதத்தில் 38 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். "ஞாயித்துக்கிழமை தவறாம அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன் தம்பி, நீங்க சொன்ன மாதிரியே" என்றார்.

அந்தக் கடைசிச் சொல் என்னை உறுத்தியது. மெக்கானிக்குகளாகிய நம்மில் பலரும் சொல்லும் யோசனைதான் அது. ஆனால் தவறான யோசனை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. வண்டி ஓடி நன்றாகச் சூடேறினால் அது வெளியே போய்விடும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் சைலன்சர் முழுதாகச் சூடாவதில்லை. ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகத் தேங்கி, தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. கொஞ்சம் ஆயிலிலும் சேர்கிறது. மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் பிசுக்கு ஒட்டியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஐடிலிங்கில் பேட்டரி ஏறுவதும் சொற்பம். செல்ஃப் உள்ள வண்டியில், ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ்கூடச் சில நேரம் திரும்பி வராது.

இப்போது பங்க்குகளில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் சீல்களுக்கும் ஆகாது. வாத்தியார் வண்டியின் கார்புரேட்டர் கப்பைக் கழற்றினேன். அடியில் பச்சைப் பிசின். பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் துளை தெரியவில்லை.

ஜெட்டைச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, பில் போட்டுக் கொடுத்திருந்தால் அன்றைய வேலை முடிந்திருக்கும். அடுத்த ஆண்டும் அதே லோடு ஆட்டோ வந்திருக்கும். இந்த முறை டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன்: "சார், ஏன் ஓட்டறதில்ல?" முதலில் வெயில் என்றார், டிராஃபிக் என்றார். பிறகுதான் விஷயம் வந்தது. மனைவியைப் பின்னால் உட்கார வைத்துப் போனபோது சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக ஹாரன். பதற்றத்தில் கிக்கரை உதைத்தார். அது திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது. மறுநாளிலிருந்து வீட்டு ஸ்கூட்டர்தான்.

டைமிங்கைச் சோதித்தேன். அட்வான்ஸ் கூடுதலாக இருந்தது. டிகம்ப்ரஸர் கேபிளும் இறுகிக் கிடந்தது. இரண்டுமே முந்தைய சர்வீஸில் நான் கவனித்திருக்க வேண்டியவை. அவர் அந்த வண்டியை ஓட்டாமல் போனதில் என் பங்கு உண்டு. சரிசெய்த பிறகு அவரையே கிக் செய்யச் சொன்னேன். ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக அழுத்தி, டிகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி, கையை எடுத்துவிட்டு ஒரே உதை. மூன்றாவது முறை பிடித்தது. தெருவை நான்கு சுற்று சுற்றி வந்தார்.

எல்லோருடைய காரணமும் இதுவல்ல. சிலருக்கு பைக்கை வெளியே எடுக்க முன்னால் நிற்கும் காரையும் ஸ்கூட்டரையும் நகர்த்த வேண்டும். அந்தச் சோம்பலிலேயே ஆறு மாதம் ஓடிவிடும். 1996-இல் உற்பத்தி நின்ற ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர் அதைத் தெருவில் நிறுத்தப் பயப்படுகிறார். அப்பாவின் யெஸ்டி பைக்கை வைத்திருக்கும் மகன், கீழே போட்டுவிடுவோமோ என்று தொடுவதே இல்லை. வேறு சிலருக்கு காகிதப் பயம். 15 ஆண்டு முடிந்த ஆர்.சி.யைப் புதுப்பிக்கவில்லை. இன்ஷூரன்ஸிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டு தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆனதால், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பழக்கம் பலருக்கு விட்டுப்போய்விட்டது. முடிந்த பிறகு வண்டியை எடுக்கத் தயங்குகிறார்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது, விடியற்காலையில், அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். ஊருக்கு, கோயிலுக்கு, எங்காவது. மாதக்கணக்கில் ஓட்டவே முடியாது என்றால் டேங்கை நிரப்பி, கார்புரேட்டரை வடித்து, பேட்டரியைக் கழற்றி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தட்டும். சும்மா ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம்.

இந்த வாரம் உங்கள் பில் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஆறு மாதமாக வராத பத்துப் பேருக்கு போன் போடுங்கள். சர்வீஸுக்குக் கூப்பிட வேண்டாம்; வண்டி ஓடுகிறதா, இல்லையென்றால் ஏன் என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணங்களை எழுதி அனுப்புங்கள். பெயர் இல்லாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.