தோற்றவரின் ஒப்பாரி

பண்டைய கிரேக்கர்களுக்கு மதுவுக்கும் நாடகத்துக்கும் ஒரே கடவுள்: டயோனைசஸ். ஆண்டுதோறும் இளவேனில் தொடக்கத்தில் ஏதென்ஸ் நகரம் அவருக்கு விழா எடுத்தது. ஊர்வலம், பலி, மது என்று அமர்க்களப்படும். பிறகு அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் அமர்ந்து நாடகம் பார்ப்பார்கள். துன்பியல் போட்டியில் மூன்று கவிஞர்கள். ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகங்கள், ஒரு கேலி நாடகம். பாடற்குழுவின் செலவு ஒரு பணக்காரர் தலையில். தீர்ப்பு, குலுக்கலில் தேர்வான 10 நடுவர்கள் கையில்.

வெறும் கலைவிழா அல்ல இது. ஏதென்ஸ் பேரரசாக ஓங்கியிருந்த காலத்தில், கூட்டாளி நகரங்கள் கட்டிய கப்பம் அரங்கில் சுமந்து வந்து காட்டப்பட்டது. போரில் தந்தையை இழந்து அரசு செலவில் வளர்ந்த இளைஞர்கள் கவசம் பூண்டு அணிவகுத்தார்கள். எங்கள் பலத்தைப் பார் என்று நகரம் மார்தட்டிய இடம் அது.

ஆனால் மேடை வேறு கதை சொன்னது. சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்களை முறியடித்து எட்டே ஆண்டுகளில், கி.மு. 472ல், 'பாரசீகர்கள்' நாடகத்தை ஈஸ்கிலஸ் அரங்கேற்றினார். அதில் வருவது தோற்ற நாட்டின் அரண்மனை. மகனை நினைத்துக் கலங்கும் தாய். எதிரிக்காக அழவைத்த நாடகத்துக்கே முதல் பரிசு.

சொந்தத் துயரம் என்றால் மட்டும் பொறுக்கவில்லை. கி.மு. 494ல் பாரசீகர்களிடம் வீழ்ந்த மிலிட்டஸ், ஏதென்ஸின் உறவு நகரம். அதன் வீழ்ச்சியை ஃபிரினிக்கஸ் நாடகமாக்கியபோது அரங்கமே அழுதது. அவருக்கு 1,000 டிராக்மா அபராதம், நாடகத்துக்குத் தடை என்கிறார் ஹெரோடோட்டஸ்.

இழைத்த கொடுமையை நினைவூட்டினால்? மெலோஸ் தீவை முற்றுகையிட்ட ஏதென்ஸ், அது பணிந்ததும் ஆண்களைக் கொன்றது. பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. சில மாதங்களில், கி.மு. 415 விழாவில், யூரிப்பிடிஸின் 'ட்ராய் நகரப் பெண்கள்' மேடையேறியது. கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, யாருக்கு யார் அடிமை என்று தெரியக் காத்திருக்கும் பெண்கள். வென்றவர்கள் கிரேக்கர்கள். மெலோஸ் என்ற பெயரே நாடகத்தில் இல்லை. பார்த்தவர்களுக்கு அது நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? இம்முறை அபராதம் இல்லை, இரண்டாம் பரிசு.

அதே கோடையில் ஏதென்ஸின் கப்பற்படை சிசிலியைப் பிடிக்கப் புறப்பட்டது. கி.மு. 413ல் அங்கேயே அழிந்தது.

நாடகம் போரை நிறுத்தவில்லை. ஆனால் வென்றவர்கள் தங்கள் செலவில், தங்கள் கடவுளின் முன்னிலையில், தோற்றவரின் ஒப்பாரிக்குக் காது கொடுத்தார்கள். இன்றைய அரசுகள் நடத்தும் வெற்றி விழாக்களில் அந்த ஒரு நிகழ்ச்சியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.