எது குறைவோ அது

2025 டிசம்பர் 5 அன்று தில்லியிலிருந்து புறப்பட வேண்டிய இண்டிகோ நிறுவனத்தின் உள்நாட்டு விமானங்கள் அனைத்தும் நள்ளிரவு வரை ரத்து செய்யப்பட்டன. டிசம்பர் 3 முதல் 5 வரை நாடு முழுவதும் அந்நிறுவனத்தின் 2,507 விமானங்கள் ரத்தாயின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அலைக்கழிக்கப்பட்டனர்.

இது இயற்கைப் பேரிடர் அன்று. விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கும் விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. விமானிகள் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்காடிய பின்னரே, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக அவை நடைமுறைக்கு வந்தன. இத்தனை அவகாசம் இருந்தும் நிர்வாகம் போதிய ஆயத்தம் செய்யவில்லை. ஒன்றிய அரசோ, இரவுப் பணி விதிகளிலிருந்து அந்நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்களித்தது. களைத்த விமானியின் கையில்தான் பயணியின் உயிரும் இருக்கிறது. எனவே அந்த விலக்கு தொழிலாளியின் ஓய்வை மட்டுமன்றி, பயணியின் பாதுகாப்பையும் பறித்தது.

சரி, பயணிக்கு இழப்பீடு உண்டா? உரிய முன்னறிவிப்பின்றி ரத்தானால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றில் 'எது குறைவோ அது' என்கிறது விதி. நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய சூழல் எனில் அதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி, பயணச்சீட்டின் விலை எதுவாயினும், தூரத்துக்கேற்ப 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு.

பின்னர் 22.20 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் அபராதம் வேறு, இழப்பீடு வேறு; தவித்து நின்ற பயணிக்கு அதில் பங்கில்லை.

விமானப் பயணம் செல்வந்தர் விவகாரம் எனத் தோழர்கள் ஒதுங்கிவிடலாகாது. தில்லி மருத்துவமனைக்கு விரையும் நோயாளியும், வளைகுடாவிலிருந்து திரும்பும் தொழிலாளியும் இதே வரிசையில்தான் நிற்கின்றனர். உள்நாட்டுச் சந்தையில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கையில், 'வேறு விமானத்தில் செல்லலாம்' என்பது வெற்றுச் சொல். பொதுத்துறையின் ஏர் இந்தியாவும் 2022 ஜனவரியில் டாடாவிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

கட்டணத்தைச் சந்தைதான் தீர்மானிக்கும் என்று சொல்லிவந்த அரசு, டிசம்பர் 6 அன்று 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் எனத் தற்காலிக உச்சவரம்பு விதித்தது. ஆக, அரசுக்கு அதிகாரம் இல்லாமலில்லை, மனம்தான் இல்லை. கட்டண உச்சவரம்பு நிரந்தரமாக வேண்டும். ஓய்வு விதிகளில் எந்த நிறுவனத்துக்கும் விலக்குக் கூடாது. இழப்பீட்டு விதியில் 'எது குறைவோ' என்பது 'எது அதிகமோ' என மாற வேண்டும்.