பிணை கேட்கும் வங்கியும் உறுதியில்லா உழைப்பாளியும்

சென்ற மாதம் தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் நம்மைத் தேடி வந்தார். அவருக்கு வழக்கு ஏதுமில்லை. கொழும்பில் ஓர் இரும்புப் பட்டறையில் ஆறு ஆண்டுகள் வெல்டிங் வேலை செய்தவர், தொழில் கைவந்தவர். சொந்த ஊரிலேயே பட்டறை வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கேற்று, யன்னல் கம்பி, லொறியின் பின்பெட்டி என்று வேலைக்குக் குறைவிராது என அவர் கணக்கிட்டிருந்தார். கணக்கில் பிழை கூறுவதற்கில்லை. வேண்டிய தொகை ஆறு இலட்சம். கையிலிருந்தது ஒன்றரை இலட்சம். வங்கியில் காணி உறுதி கேட்டார்கள். இல்லையேல் நிரந்தர உத்தியோகத்திலுள்ள இருவரின் கையெழுத்துக் கேட்டார்கள். இரண்டும் அவரிடம் இல்லை. வட்டிக்குக் கொடுக்கும் ஒருவர் மட்டும் எதுவும் கேளாமல், தொகை எழுதப்படாத புறோநோட்டு ஒன்றை நீட்டியிருந்தார். “இதில் கையெழுத்து வைக்கலாமா ஐயா?” என்று கேட்கவே அவர் வந்திருந்தார்.

வைக்கலாகாது என்று சொல்ல நமக்கு ஒரு நொடியும் செல்லவில்லை. ஆனால், “அப்படியானால் வேறு வழி என்ன?” என்று அவர் அடுத்துக் கேட்டபோது நாம் வாயடைத்துப் போனோம். இக்கட்டுரை அக்கேள்விக்குத் தாமதமாகச் சொல்லும் விடை என்று கொள்க.

கடன் என்ற சொல் நம்மக்களுக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் மண்டபம் முகாமைக் கடந்து இந்நாட்டில் காலடி வைத்ததே கடனோடுதான். கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் தலையில் ஏறிற்று. அது ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அத்துண்டைத் தீர்ப்பவன் எந்தத் துரையோ அந்தத் துரையின் தோட்டத்துக்கே தொழிலாளி போகவேண்டும் என்ற நிலை இருந்தது. 1921 இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் எனும் சொல்லைக் கேட்டாலே நம் தாய்மார் அஞ்சுவது அறியாமையால் அன்று. அச்சத்துக்கு மூன்று தலைமுறைக் காரணம் உண்டு.

வங்கி உறுதி கேட்கிறது. உறுதி எங்கிருந்து வரும்? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தம் நம்மை எண்ணிக்கையாக்கிப் பங்கிட்டது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது, தோட்டங்கள் அரசுடைமையாயின, அவற்றில் வியர்வை சிந்தியவனுக்கோ ஒரு முழமும் கிட்டவில்லை. 1992 இல் அதே தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குச் சென்றன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரசாவுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது என்று மகிழ்ந்தோம். ஆயினும் வாக்குச் சீட்டுப் பெற்ற கைகளில் காணி உறுதி இல்லை. 2015 க்குப் பின் 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற பேச்சு எழுந்து, நுவரெலியாப் பக்கம் ஓரளவு செயலும் ஆயிற்று. சப்ரகமுவவுக்கு வந்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி. லயக் காம்பிராவை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. ஏற்கவேண்டும் என்று சொல்லவும் முடியாது. நமதல்லாததை நாம் எப்படி ஈடு வைப்பது?

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. கேகாலை, பலாங்கொடை, கஹவத்தை என்று நம் ஊர்ப் பெயர்களையே தாங்கிய கம்பனிகள் கொழும்புப் பங்குச் சந்தையில் பங்கு விற்று மூலதனம் திரட்டின. அவை தனியார்மயமானபோது பங்குகளில் நூற்றுக்குப் பத்து, தொழிலாளருக்கு இலவசமாகவே வழங்கப்பட்டது. ஆம், நம் மக்களும் ஒருகாலத்தில் முதலாளிகளே! நாம் விசாரித்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் அப்பங்குப் பத்திரம் என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. சிலர் ஒரு பெருநாள் செலவுக்கு விற்றுவிட்டோம் என்றனர். அதைச் சேர்த்து வைத்திருங்கள், கூட்டாக வாக்களியுங்கள் என்று அன்று சொல்லிக் கொடுத்தவர் யார்? நாம் சொல்லவில்லை. நமது தொழிற்சங்கங்களும் சொல்லவில்லை.

இன்று தோட்டத்துப் பிள்ளை ஒருவன் தொழில் தொடங்கும் மூலதனம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் தந்தையின் ஊழியர் சேமலாப நிதியிலிருந்தே. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி தருவது நூற்றுக்கு 12; முப்பது ஆண்டுகள் மரம் வெட்டிய மனிதருக்கு 55 வயதில் ஒரு தொகை கைக்கு வரும். அதற்கு முன் முப்பது வீதத்தை எடுக்க வழியுண்டென்றாலும், அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் மட்டுமே. ஓய்வுபெற்ற மறுமாதமே அத்தொகை முச்சக்கர வண்டியாக மாறி லயத்து முற்றத்தில் நிற்பதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். மகன்மீது தந்தைக்குள்ள அன்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கிழவரின் முதுமைக் கஞ்சியை முழுதும் ஒரே வியாபாரத்தில் போடுவதை நாம் ஆதரிக்கமாட்டோம். வண்டி மோதினால் குடும்பம் முழுதும் மோதிற்று. மற்றொரு வழி தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாய் உழைத்து அனுப்பும் பணம். அதன் விலையை நாம் எழுதத் தேவையில்லை, வாசகர் அறிவர்.

சீட்டும் உண்டு. குறைத்து மதிப்பிடத்தக்கதன்று அது. பத்துப் பெண்கள் கூடிப் பிடிக்கும் குலுக்குச் சீட்டில் தையல் இயந்திரம் வாங்கியவர்கள் எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் இருக்கிறார்கள். நாட்டில் சீட்டு பற்றி 1935 முதலே ஒரு கட்டளைச் சட்டம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் சீட்டின் எல்லை பிடிப்பவர்களின் சம்பள எல்லையே. நாட்கூலியில் மிச்சம் பிடித்துச் சேர்த்த சீட்டால் பட்டறை எழாது.

எல்லை கடந்த ஆசையைத்தான் நுண்நிதிக் கம்பனிகள் பயன்படுத்தின. ஈடு வேண்டாம், ஐந்து பெண்கள் குழுவாக வந்தால் போதும் என்றனர். முகம்மது யூனுஸ் வங்காளத்தில் 1976 இல் தொடங்கிய முயற்சியின் பெயரைச் சொல்லி வந்த இவர்களில் சிலர், வாரந்தோறும் வாசலில் நின்று வசூலித்த முறையையும் வட்டியையும் பார்த்தால் யூனுஸே நாணுவார். 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. மத்திய வங்கி வட்டிக்கு நூற்றுக்கு 35 என்று மேல்வரம்பு விதித்தது. முப்பத்தைந்தே மேல்வரம்பு என்றால், அதற்கு முன் இருந்தது எத்துணை என்பதை ஊகித்துக்கொள்க. உணவுக்கு வாங்கிய கடனை இன்னொரு கம்பனியின் கடனால் அடைத்த குடும்பங்களை நாம் அறிவோம். தொழிலுக்கென்று வாங்கியவர் சிலர். தப்பியவர் அவரிலும் சிலர்.

புறோநோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. உண்மையில் கைமாறிய முதல் எவ்வளவு, முன்கூட்டியே கழித்த வட்டி எவ்வளவு, ஆண்டு வட்டி வீதம் என்ன என்ற மூன்றும் பத்திரத்தில் தனித்தனியே எழுதப்படவேண்டும் என்பது அதன் விதி. வட்டி அளவுக்கு மிஞ்சியது, பேரம் அநியாயமானது என்று கண்டால் கணக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரமும் நீதிமன்றுக்கு உண்டு. வெற்றுத்தாளில் கையெழுத்திட்டவரோ இப்பாதுகாப்பைத் தாமே கைநழுவ விடுகிறார். பிறகு நிரப்பப்படும் மூன்று எண்களும் கடன் கொடுத்தவன் எழுதும் எண்களாகவே இருக்கும். பொய்யென்று நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழும்.

கடன் ஒன்றே வழியென்று நாம் ஏன் எண்ணவேண்டும்? இரத்தினபுரியில் வாழ்பவர் மாணிக்கக் குழியைப் பார்க்காதவரல்லர். குழி வெட்டுபவனிடம் காசில்லை. அவனுக்கு வங்கியும் கடன் தருவதில்லை. ஆயினும் குழி வெட்டப்படுகிறது. நிலத்தவனுக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரக்காரனுக்கு ஒரு பங்கு, நீர் இறைக்கும் யந்திரத்துக்கு ஒரு பங்கு. எஞ்சியதில் சோறும் மரமும் கொடுத்துச் செலவு தாங்கியவனுக்கும் குழியில் இறங்கியவர்களுக்கும் பங்கு. இல்லத்தில் கல் அகப்பட்டால் எல்லோர்க்கும் உண்டு. அகப்படாவிட்டால் செலவு தாங்கியவன் இழக்கிறான். இறங்கியவன் உழைப்பை இழக்கிறான். எவனும் எவனுக்கும் கடனாளியல்லன். இம்முறையில் ஏமாற்றே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. கல்லின் விலையை மறைப்பவர் உண்டு. ஆனால் நட்டத்தையும் பங்கிடும் இவ்வறிவு நம் வாசலிலேயே இருக்க, பட்டறைக்கும் பேக்கரிக்கும் நாம் கடனையே நாடுவது ஏன்? 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் ஐம்பது பேர் வரை பங்காளராய் ஒரு தனியார் கம்பனி அமைக்கலாம். அவ்வளவு வேண்டாமென்றால் பங்குடைமை போதும். மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்டால் அதனை எழுத்தில் செய்யவேண்டும் என்று 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. இவ்விதியை அறியாமல் மைத்துனனும் மைத்துனனும் வாய்ப்பேச்சில் கூட்டுச் சேர்ந்து, பிறகு நம் அலுவலக வாங்கில் எதிரெதிரே அமர்ந்திருப்பதைப் பார்த்துச் சலித்துவிட்டோம்.

நமக்கு முன் இவ்வழியில் நடந்தவர் உண்டு. தென்தமிழ் நாட்டு நாடார் சமூகத்தை ஒருகாலம் கோயிலுக்குள்ளும் விடவில்லை. அவர்கள் விருதுநகரிலும் சிவகாசியிலும் தாம் விற்கும் சரக்கின்மேல் ‘மகமை’ என்று சிறு தொகை எடுத்துப் பொதுநிதி சேர்த்தனர், பள்ளி கட்டினர், 1921 இல் தூத்துக்குடியில் வங்கியே நிறுவினர். இங்கே துண்டு ஒழிந்த அதே ஆண்டு அது. நாடார் வங்கியாய்ப் பிறந்த அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாய் இன்றும் நடக்கிறது.

இன்னும் நெருங்கிய உதாரணம் மலாயா. சுதந்திரத்தின்பின் வெள்ளையர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக்க, தமிழ்த் தொழிலாளி வேலையும் குடியிருப்பும் இழந்து தெருவில் நின்றான். மலாயா இந்தியக் காங்கிரசின் தலைவராயிருந்த வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் வேறு பல தோட்டங்களும் வந்தன. அவனும் நம்மைப் போல் ரப்பர் பால் வெட்டியவனே. அவனுக்கும் உறுதி இருக்கவில்லை.

கடல் கடந்துதான் பார்க்கவேண்டும் என்பதுமில்லை. கேகாலை மாவட்டத்துச் சிங்களக் கிராமத்தவர், 1911 முதல் இருந்து சோர்ந்துபோன ஐக்கிய நாணய சங்கங்களை 1978 இல் பி. ஏ. கிரிவந்தெனிய அவர்களின் தலைமையில் தட்டியெழுப்பினர். ‘சணச’ எனும் அவ்வியக்கம் 1997 இல் தனக்கென ஒரு வங்கியையே கண்டது. தோட்ட எல்லைக்கு அப்பால் நடந்தது இது. நாம் கேட்டறியவும் இல்லை, கலந்துகொள்ளவும் இல்லை.

கசப்பானாலும் சொல்கிறோம்: நம் தொழிற்சங்கங்கள் தலைமுறை தலைமுறையாக மாதச் சந்தாவைச் சம்பளத்திலேயே கழிப்பித்து வருகின்றன. வசூல் முறை கையில் இருக்கிறது. மூலதனச் சங்கம் ஒன்றும் இல்லை. மேடையில் சம்பளத்துக்காக முழங்கினோம், முழங்கியதில் நியாயமிருந்தது. நாட்சம்பளம் ஆயிரமாக 2021 வரை காத்திருந்தோம். 1350 ஆக 2024 வரை. அந்தக் காத்திருப்பில் வேறொன்றையும் கட்டவில்லை. நாமும் அம்மேடைகளில் நின்றவர்களே. பழியில் நமக்கும் பங்குண்டு.

கணக்கைப் பாருங்கள். சப்ரகமுவத் தோட்டங்களில் ஆயிரம் பேர், மாதம் இருநூறு ரூபா. மாதத்துக்கு இரண்டு இலட்சம். ஆண்டுக்கு இருபத்து நான்கு இலட்சம். நான்கு பட்டறைகள். சங்கம் அவற்றுக்குக் கடன் கொடாமல் மாணிக்கக் குழிபோல் பங்கு எடுக்கட்டும். கணக்கு மூன்று மாதத்துக்கொருமுறை உறுப்பினர் முன் வாசிக்கப்படட்டும். கட்சிக்காரர் எவரும், நம்மையும் சேர்த்து, நிர்வாக சபையில் இருக்கவேண்டாம். கடைசி நிபந்தனையைத் தளர்த்தினால் இத்திட்டத்தில் நமக்கு நம்பிக்கையில்லை.

1981 இல் இரத்தினபுரி, கஹவத்தை, பலாங்கொடைப் பகுதிகளில் தமிழரின் கடைகள் எரிந்ததையும், 1983 இல் மறுபடி எரிந்ததையும் எடுத்துக்காட்டி, கட்டி என்ன பயன் என்று கேட்கும் முதியோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் தத்துவம் பேசமாட்டோம். காப்புறுதி செய்யாமல் கடை திறக்காதீர்கள் என்றும், கலவரம் அக்காப்புறுதியில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள் என்றும் மட்டும் சொல்வோம்.

அரசிடம் நாம் கேட்பதும் உண்டு. குடியிருப்புக் காணிக்கு உறுதி. வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் தமிழில் படிவம். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கிய பின்னும் சிங்களப் படிவத்தை நிரப்ப ஆள் தேடுகிறோம். ஈடில்லாச் சிறுதொழிலுக்குப் பிணை நிற்கவென அரசும் வங்கிகளும் சேர்ந்து அமைத்த தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் தோட்டத்து இளைஞனையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இறுதியாக, இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர், எழுதுநர், வைத்தியர், சட்டத்தரணிகளுக்கு. நம்மிற் பலர் லயத்திலிருந்து வந்தவர்கள். பிணைக் கையெழுத்து என்றதும் பின்வாசலால் போய்விடுகிறோம். பயம் நியாயமானதே. முதலில் கடனாளியின் சொத்தைத் தேடிய பின்னரே பிணையாளியிடம் வரலாம் என்ற பழைய உரிமை நம் ரோமன்-டச்சுச் சட்டத்தில் உண்டு; வங்கிப் படிவத்தின் சிறிய எழுத்தில் அவ்வுரிமையைத் துறக்கச் செய்துவிடுகிறார்கள். ஆகவே படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். உங்கள் பொறுப்பு இன்ன தொகைக்கு மேற்படாது என்று எழுதச் செய்யுங்கள். ஒருவர் ஆறு இலட்சத்துக்கு நிற்பதைவிட நால்வர் ஒன்றரை இலட்சம் வீதம் நிற்பது நலம். காய்கறியும் தேயிலைக் கொழுந்தும் விற்றுச் சொந்தக் காணி வாங்கிய சிறு விவசாயிகளுக்கும் இதுவே நமது வேண்டுகோள்.

அந்த இளைஞரின் புறோநோட்டைக் கிழித்துவிட்டோம். சேமிப்பும் ஒரு பழைய இயந்திரமும் கொண்டு வாடகைக் கொட்டகையில் சிறிதாகத் தொடங்க அவர் இசைந்திருக்கிறார். வங்கிக் கடன் மூன்று இலட்சமாகக் குறைந்துள்ளது. ஒரு பிணையாளி கிடைத்துவிட்டார், தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர். இரண்டாமவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.