நூலகத்தின் சாவி யார் கையில்?

"ஓப்பன் சோர்ஸா? சும்மா கிடைக்கிற சாஃப்ட்வேர்ங்க அது. நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா யார் வந்து பார்ப்பாங்க?"

நூலகத்துக்கு மென்பொருள் வாங்குற பேச்சு வந்தாலே இந்த ஒரு கேள்வியை வெச்சு வாயை அடைச்சிடுறாங்க தோழர்களே. இன்னைக்கு இதுக்கே பதில் சொல்லிடுவோம்.

நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜ் லைப்ரரியில இருந்தது காசு கொடுத்து வாங்கின சாஃப்ட்வேர்தான். ஒரு வருஷம் ஏஎம்சி புதுப்பிக்கத் தாமதம் ஆச்சு. அந்த நேரம் பார்த்து சர்வர் படுத்துடுச்சு. கம்பெனியிலிருந்து ஒருத்தரும் வரல. "எங்க டேட்டாவையாவது எடுத்துக் கொடுங்க"ன்னு கேட்டா, அதுக்குத் தனி பில்! கடைசியா வந்த ஃபைல்ல இங்கிலீஷ் புத்தகங்கள் ஒழுங்கா இருந்துச்சு. தமிழ்ப் புத்தகங்கள் அத்தனையும் கட்டம் கட்டமா, புரியாத குறியீடா இருந்துச்சு. காரணம், யூனிகோட் இல்லாத பழைய ஃபாண்ட். நூலகர் அக்காவும் நாங்களும் அலமாரி அலமாரியா உட்கார்ந்து பெயர்களைத் திரும்ப டைப் பண்ணோம்.

இப்போ சொல்லுங்க. காசு கொடுத்தப்போ மட்டும் யார் வந்து பார்த்தாங்க?

இதே மாதிரி சிக்கல்ல 1999-ல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை நின்னுச்சு. 2000-ம் ஆண்டு பிறந்தா அவங்க பழைய சிஸ்டம் தாங்காது. உள்ளூர் கம்பெனி ஒண்ணோட சேர்ந்து புதுசா எழுதினாங்க. 2000 ஜனவரியில ஓட ஆரம்பிச்சதை மூலநிரலோட உலகத்துக்கே கொடுத்தாங்க. அதுதான் 'கோஹா'. மாவோரி மொழியில அதுக்கு 'அன்பளிப்பு'ன்னு அர்த்தம். இன்னைக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நூலகங்கள் அதுலதான் ஓடுது.

உரிமக் கட்டணம் இல்லைங்கிறதால செலவே இல்லன்னு நாங்க சொல்லல. சர்வர் வேணும், பேக்கப் வேணும், நூலகர்களுக்குப் பயிற்சி வேணும். ஆனா வித்தியாசத்தைப் பாருங்க:

1. அந்தக் காசு உரிமத்துக்குப் போகாம உழைப்புக்குப் போகுது. நம்ம ஊர்ல படிச்சுட்டு வேலை தேடுற பசங்களே அந்தச் சேவையைக் கொடுக்கலாம்.

2. ஒருத்தர் சரியா செய்யலன்னா ஆளை மாத்தலாம். சாஃப்ட்வேரை மாத்த வேண்டியதில்ல.

3. நூல் பட்டியலை மார்க் 21 என்ற பொதுத் தரத்துல எப்ப வேணும்னாலும் வெளியே எடுக்கலாம். யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம்.

4. தமிழ்ல ஒரு சொல் தப்பா வந்தா நாமே திருத்தலாம். கம்பெனியோட அடுத்த வெர்ஷனுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இது ஏதோ நாங்க கிளப்புற புதுக் கதை இல்ல. அரசின் மின்னாளுமைத் திட்டங்கள்ல திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமைன்னு ஒன்றிய அரசு 2015-லேயே கொள்கை வெளியிட்டுடுச்சு. காகிதத்துல இருக்கு. டெண்டர்ல இருக்கா?

1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மண் இது. சீர்காழியில பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகத்தை வளர்கிற உயிராப் பார்த்தவர். வளர்கிற உயிருக்கு 'இத்தனை கம்ப்யூட்டருக்கு மட்டும்'னு லைசென்ஸ் போட்டு விலங்கு மாட்டுறது நியாயமா?

உங்க வீட்டு சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க. நூலக வரியும் அதுல சேர்ந்திருக்கும். அது உங்க காசு. அதனால கேட்கிற உரிமையும் உங்களுக்கு இருக்கு.

தோழர்கள் செய்ய வேண்டியது: உங்க மாவட்ட மைய நூலகத்துக்கு ஆர்டிஐ போட்டு மூணே கேள்வி கேளுங்க. என்ன மென்பொருள் ஓடுது? வருஷத்துக்கு எவ்வளவு கட்டுறீங்க? ஒப்பந்தம் முடிஞ்சா நூல் பட்டியல் முழுசா, யூனிகோட் தமிழ்ல நம்ம கைக்கு வருமா?

வர்ற பதிலை கமெண்ட்ல போடுங்க. மாவட்டம் மாவட்டமா தொகுத்து இதே பக்கத்துல வெளியிடுவோம்.

புத்தகம் மக்களோடது. பட்டியலும் மக்களோடதாவே இருக்கட்டும்.

#நூலகம்_மக்களுக்கே #திறந்த_மூலம்