எங்கள் ஒப்பாரிக்குப் பெயர் உண்டு

போன ஆண்டு ஆடி மாதம் என் பெரியம்மா இறந்துபோனார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் ஒப்பந்தக் கூலியாகக் கம்பெனி கம்பெனியாகக் கூட்டிப் பெருக்கியவர். அன்று இரவு சாவு வீட்டில் கானா பாடினார்கள். அவர் எங்கெங்கே வேலை பார்த்தார், எத்தனை பிள்ளைகளைக் கரையேற்றினார் என்று பெயர் சொல்லிப் பாடினார்கள். மணி எட்டரைகூட ஆகவில்லை. போலீஸ் வந்துவிட்டது. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து புகாராம். பாட்டை நிறுத்தினோம்.

இரண்டு மாதம் கழித்து அதே குடியிருப்பில் ஆண்டு விழா நடந்தது. ஒலிபெருக்கியில் 'எஞ்சாய் எஞ்சாமி' பாட, பிள்ளைகள் ஆடினார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள். அந்தப் பாட்டுக்குள் இருப்பதும் ஒப்பாரிதான். சாவு வீட்டில் எழுந்தால் அது தொந்தரவு, ஒலிபெருக்கியில் வந்தால் கொண்டாட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது இசை ரசனை அல்ல, சாதி.

அந்தப் பாட்டை எழுதிப் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர். அம்பத்தூர், ஆவடி வழியாக எங்கள் மின்சார ரயில் போய் நிற்கும் ஊர். 2024இல் வந்த அவருடைய பாடல் தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. வள்ளியம்மா அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். எஸ்டேட் என்றால் எங்களுக்குத் தொழிற்பேட்டை, அவருக்குத் தேயிலைத் தோட்டம். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையக மக்களைப் பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதிகளிலிருந்து கப்பலேறியவர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொகுப்பை ஒரு நண்பரிடம் கேட்கக் கொடுத்தேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை உருகி உருகிக் கேட்பவர் அவர். "நல்லாத்தான் இருக்கு தோழர், ஆனா ரொம்ப இருட்டா இருக்கே" என்றார். அடிமைகளின் வழிவந்தவர்கள் பருத்திக் காட்டிலிருந்து பாடினால் அது அவருக்கு மகத்தான கலை. பக்கத்துத் தெருக்காரன் பாடினால் இருட்டு.

கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் 1903இல் வெளியிட்ட தன் நூலின் கடைசி அத்தியாயத்தை அடிமைகளின் துயரப் பாடல்களுக்கே ஒதுக்கினார். அழுகையாக அல்ல, ஒரு மக்களின் சாட்சியமாக அவற்றை வாசித்தார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் அவருக்குக் கடிதம் எழுதியது ஏதோ மரியாதைக்காக அல்ல. ஐக்கிய நாடுகள் அவையில் முறையிடக் கறுப்பின மக்கள் தயாரித்த மனுவின் பிரதியைக் கேட்டு எழுதினார். துயரத்தைப் பாடுவதும் நியாயம் கேட்பதும் ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள் என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள்.

பாட்டை எடுத்துக்கொண்டு பாடியவரை விட்டுவிடுவது உலகமெங்கும் நடப்பதுதான். தென்னாப்பிரிக்க சூலு பாடகர் சாலமன் லிண்டா 1939இல் பதிவுசெய்த பாட்டு பிறகு உலகமெல்லாம் சம்பாதித்தது. உரிமைக்காக அவருக்குக் கிடைத்ததோ 10 ஷில்லிங். 1962இல் வறுமையில் இறந்தார். குடும்பத்துக்கு நியாயம் கிடைக்க 2006 ஆனது. இங்கே 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பிய பிறகுதான் அறிவுக்கென்று தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது.

அதனால்தான் ஒரு தொகுப்பின் தலைப்பில் பாட்டியின் பெயர் இருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. நம் பாடல்களை 'நாட்டுப்புறப் பாடல்', 'பாரம்பரிய இசை' என்று எழுதும்போதே பாடியவளின் பெயர் அழிந்துவிடுகிறது. பெயர் இல்லாவிட்டால் உரிமை இல்லை, உரிமை இல்லாவிட்டால் கூலியும் இல்லை. வள்ளியம்மா என்று எழுதிவிட்டால், இது யாருடைய சொத்து என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஆலைகளும் அடுக்குமாடிகளும் எங்கள் தெருக்களை நெருக்கிக்கொண்டு எழுகின்றன. அவற்றைக் கட்டியவர்களும் கூட்டிப் பெருக்குபவர்களும் சாகும்போது அவர்களுக்கும் ஒரு பாட்டு உண்டு. விழா நடத்துபவர்களே, எங்கள் பாட்டுக்கு ஆடுங்கள், மகிழ்ச்சி. எழுதியவர் பெயரை மேடையில் சொல்லுங்கள், சேர வேண்டிய பணத்தைக் கொடுங்கள். அடுத்த முறை எங்கள் தெருவில் சாவுப் பாட்டு கேட்டால், போலீசுக்குப் போன் போடுவதற்கு முன்னால் கீழே இறங்கி வந்து ஒரு கேள்வி கேளுங்கள்: யார் இறந்துபோனது?

என் பெரியம்மாவை அப்படி யாரும் கேட்கவில்லை. அவர் பெயர் அஞ்சலை.