பரணில் பதுங்கிய குடித்தனக்காரர்

காலி பண்ணிப் போன குடித்தனக்காரர் திரும்பி வந்தால் வாசல் வழியாகத்தானே வரணும்? லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய்க்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

இதில் வேகமாக வளரும் ரகங்களில் அதிகம் பேருக்கு வருவது 'டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்'. 'ஆர்-சாப்' என்ற ஐந்து மருந்துக் கூட்டணியிலேயே பத்தில் சுமார் ஆறு பேருக்குக் குணமாகிவிடுகிறது. மற்றவர்களில் பலருக்குத் திரும்பி வரும். பெரும்பாலும் முதல் 2 வருஷத்துக்குள். ஆனால், கழுத்தில் கட்டியாக வந்தது மறுபடி கழுத்திலேயே வரணும்னு சட்டமா என்ன? ஒரு சிலருக்கு மூளையில் வரும், நரம்பில் வரும், விதைப்பையில் வரும்!

காரணம் வேடிக்கையானது. ரத்தத்தில் வருகிற கண்டதும் நுழையாதபடி இந்த இடங்களுக்கு இயற்கையே வாட்ச்மேன் போட்டிருக்கிறது. அவர் கடமை தவறாதவர். மருந்தையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். முன்பே உள்ளே பதுங்கிய செல்லுக்குக் கொண்டாட்டம்!

ஆகவே, பழைய நோயாளிக்கு முகம் மரத்தால் பல் டாக்டரிடம் போகட்டும். பார்வை இரட்டையானால் கண் டாக்டரிடம் போகட்டும். ஆனால், "எனக்கு முன்னே லிம்ஃபோமா இருந்தது சார்" என்று முதலில் சொல்லிடணும். விதைப்பை வீக்கத்தை, 'வலிக்கலையே' என்று வேட்டிக்குள் மறைக்கக் கூடாது. வெட்கம் நாலு நிமிஷம், உயிர் அப்படியில்லை.